அயடீன் விட்ட பால்

நம் வயதுக்காரர்களே, முழங்காலைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். எங்கோ ஒரு தழும்பு தட்டுப்படும். சைக்கிள் பழகும்போது விழுந்ததா, வாய்க்கால் கட்டுக்கரையில் சறுக்கியதா என்று உங்களுக்கே மறந்துபோயிருக்கும். அதன் மேல் பூசிய மருந்தின் எரிச்சல் மட்டும் மறந்திருக்காது. பஞ்சைப் போத்தலுக்குள் தோய்க்கும்போதே ஊரைக் கூட்டியவர்கள் அல்லவா நாம்.

அந்த மருந்தின் பெயர் இப்போது உப்புப் பைகளில் அச்சடித்து வருகிறது. அயடீன் சேர்த்த உப்பு. கடையில் அதைக் கையில் எடுத்தால் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். கடைக்காரப் பெடியன் நான் விலை பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறான். நான் பார்ப்பது அந்தச் சொல்லை. எங்கள் கொலனியில் ஒரே ஒரு பருவத்துக்குள் அது என்னென்ன வேடம் போட்டது என்று அவனுக்கு எங்கே தெரியும்? உங்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வரும், வயல்காணி கிடைக்கும் என்று கேள்விப்பட்டதும் அப்பா பெட்டி படுக்கையைக் கட்டிவிட்டார். பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி மாட்டு வண்டியில் உள்ளே போனால், வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் வரும். அதுதான் கொலனி. அதைத் தாண்டிக் காட்டோரமாக ஒரு பழைய ஊர் இருந்தது. அங்கே இருந்தவர்கள் பரம்பரையாக வன்னியில் மாடு வளர்த்தவர்கள். நாங்கள் அவர்களைக் காட்டுப்பக்கத்து ஆட்கள் என்போம். அவர்கள் எங்களைத் தண்ணிக்கு வந்த ஆட்கள் என்பார்கள். கண்டால் சிரித்துக் கதைப்போம், ஆனால் ஒருவர் வீட்டில் ஒருவர் வாய் நனைப்பதற்கு யோசிப்போம்.

கொலனியின் மருந்துச்சாலைக்கு ஓர் அப்போதிக்கரி ஐயா இருந்தார். முழு டாக்டர் இல்லை. ஆனால் காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எங்களுக்கு அவரை விட்டால் ஆளில்லை. கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த வெள்ளைச் சட்டைதான் எப்போதும் போடுவார். முதலில் சட்டை வரும், ஐயா பின்னால் வருவார் என்று அப்பா பகிடி விடுவார்.

அயடீன் என்ற சொல் எங்களுக்கு முதலில் ஒரு மிரட்டலாகத்தான் வந்து சேர்ந்தது. சோறு உண்ண மறுத்தாலும், நாவல் மரத்தில் ஏறினாலும், "பொறு, அப்போதிக்கரி ஐயாட்டக் கொண்டுபோய் அயடீன் பூசுவிக்கிறன்" என்பதுதான் எல்லா அம்மாமாரின் வாயிலும். புண்ணே இல்லாத பிள்ளைக்கு அயடீன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்லே எரித்தது.

ஒருநாள் அறுத்த நெல்லுத்தாள் குத்தி எனக்குப் பாதத்தில் காயம். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மருந்துச்சாலை வாங்குப் பலகையில் இருத்திவிட்டா. ஐயா போத்தலைத் திறந்தார். எரிச்சலை ஒரு நிமிடமாவது தள்ளிப்போடலாம் என்று நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"ஐயா, இதுக்கு ஏன் அயடீன் எண்டு பேர் வைச்சவை?"

அவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு காலமும் இதை ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்லைப் பிள்ளை. மேற்கு நாட்டுப் பழைய பாசை ஒண்டில அதுக்குக் கத்தரிப்பூக் கலர் எண்டு அர்த்தம்."

"பொய். உது தவிட்டுக் கலர்."

"பிள்ளை!" என்று அம்மா அதட்டினா. பெரியவரைப் பார்த்துப் பொய் என்று சொல்வதா?

ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி அலுமாரியைத் திறந்தார். இறுக்கி மூடிய சின்னப் போத்தலிலிருந்து கறுப்பாக மினுங்கும் துகள்கள் சிலவற்றை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் கொட்டினார். வாயைப் பஞ்சால் அடைத்து, ஸ்பிரிற் விளக்கின் மேல் பிடித்தார். "கிட்ட வராதே. மணந்து பாக்கிற சாமான் இல்லை இது."

குழாய்க்குள் ஒரு நிறம் எழும்பியது. விடியப்புறம் பனி காய முன்னர் கத்தரித் தோட்டத்துக்குள் போயிருக்கிறீர்களா? அந்த நிறம்தான். ஆனால் அங்கே பூவும் இல்லை, இலையும் இல்லை. நிறம் மட்டும் தனியே எழும்பி மெல்லச் சுழன்றது. நான் பாதத்துக் காயத்தை மறந்துபோனேன். ஏச வாய் திறந்த அம்மாவும் திறந்த வாயுடன் நின்றா. விளக்கை அணைத்ததும் புகை வெளுத்து, குழாயின் மேற்பக்கத்தில் சின்னச் சின்ன ஊசிகளாக ஒட்டிக்கொண்டது. கறுப்பாகப் போனது கத்தரிப்பூவாக எழும்பி மறுபடி கறுப்பாக வந்து இருந்துவிட்டது.

"இது கடலில இருக்கு, கடற்பாசியில இருக்கு. உன்ர கழுத்துக்குள்ளயும் ஒரு துளி இருக்கு. அது இல்லாட்டில் நீ வளரமாட்டாய்" என்றார் ஐயா.

நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவர் மருந்து பூசியதும் எரிந்ததும் நினைவில்லை. கழுத்துக்குள் இருக்கும் கத்தரிப்பூ சிந்திவிடும் என்ற பயத்தில் அன்று வீடு வரைக்கும் குனியாமல் நடந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் கொலனிப் பிள்ளைகள் கூட்டமாக மருந்துச்சாலை விறாந்தையில் கூடத் தொடங்கினோம். நோயாளிகள் போன பின்னர் ஐயா ஒரு கோப்பையில் அயடீனைத் தண்ணீரில் கரைத்து, சொட்டு விடும் கண்ணாடிக் குழலுடன் வருவார். நாங்கள் வீட்டிலிருந்து களவாகக் கொண்டுபோனவற்றை வாங்கில் பரப்புவோம். சோற்றில் ஒரு சொட்டு. தவிட்டு நிறம் கண்முன்னே கருநீலமாகும். பிட்டும் மரவள்ளிக் கிழங்கும் அப்படியே. சீனியும் உப்பும் சும்மா நனைந்து கிடக்கும். கஞ்சித் தண்ணீரை நீலமாக்கிச் சூடாக்கினால் நீலம் ஓடிவிடும், ஆறவிட்டால் திரும்பி வரும். எங்கே போய் ஒளித்திருந்துவிட்டு வருகிறது என்று நாங்கள் கோப்பையின் அடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம்.

"மாச்சத்து இருந்தால் நீலம். இல்லாட்டில் இல்லை. ஆளைப் பாத்து இது பொய் சொல்லாது" என்பார் ஐயா. ஒருநாள் கை தடுமாறி ஒரு சொட்டு அவருடைய சட்டைக் கையில் விழுந்தது. கஞ்சி போட்ட சட்டை அல்லவா, அந்த இடத்தில் ஒரு கரும்பொட்டு. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். கஞ்சி என்பது எங்கள் சட்டையில், சட்டியில், விரல் நகத்தில் எல்லாம் இருக்கிறது என்று அந்தப் பொட்டு அன்றைக்கே சொல்லிவிட்டது. அதைக் கேட்கத்தான் ஒருவருக்கும் காது இருக்கவில்லை.

இனிப் பால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவா காட்டோரத்துப் பழைய ஊர்க்காரி. புருசன் காட்டுக்குத் தேன் எடுக்கப் போய்த் திரும்பாத மனிதன் என்று சொல்வார்கள். சிவலைப் பசு ஒன்றும் அதன் வழிவந்த சில மாடுகளும்தான் அவாவின் சொத்தும் சொந்தமும். விடிய முன்னரே கறந்து, பித்தளைச் செம்புகளில் ஊற்றி, தேக்கிலையால் மூடி, கடகத்தில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கட்டால் வருவா. "பிள்ளை, பால்!" என்ற குரல் வேலிப் படலையில் கேட்கும். ஒரு நிறைசெம்பைத் தந்துவிட்டு, முதல்நாள் செம்பை வாங்கிக்கொண்டு போவா. இலையைத் தூக்கினால் இளஞ்சூட்டுப் பாலில் தேக்கிலையின் வாசம் சேர்ந்து வரும். அந்த வாசத்தைப் பிறகு நான் எந்தப் பாலிலும் காணவில்லை.

பால் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மாட்டின் மடி வற்றிவிடும். இதை யாழ்ப்பாணத்திலும் சொல்வார்கள், அந்தக் காட்டோர ஊரிலும் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மறுபேச்சு இல்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே அம்மா மாலையில் செம்பை மினுக்கிக் கழுவி, ஈரம் காய முன்னரே ஒரு பிடி பச்சையரிசியை அதற்குள் போட்டு வைப்பா. வீட்டிலேயே உரலில் குத்திய அரிசி, மாவும் தவிடும் ஒட்டிக்கொண்டிருக்கும். கொலனியில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அந்த வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. தம்பி கைக்குழந்தை. அம்மாவின் பால் வற்றிப்போனதால் பால் அக்காவின் பாலை நம்பித்தான் அவன் இருந்தான். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த ஒரு தங்கச்சியை யாழ்ப்பாணத்தில் மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா வன்னிக்கு வந்தவா. அதனால் தம்பி கொஞ்சம் மெலிந்ததும் அவாவுக்குப் புத்தி பேதலித்தது. அவனைத் தூக்குவா, கையால் நிறுப்பா, அழுவா.

"பாலில ஒரு பிடிப்பும் இல்லை" என்றா பக்கத்து வீட்டு மாமி. "தண்ணி விடாமல் இவ்வளவு செம்பு எங்கால வாறது? உந்தக் காட்டு ஆக்களை நம்பி நீர் பச்சைப் பாலனை வளக்கிறீர்."

இப்போது யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. மாட்டுப்பால் குழந்தைக்குக் கனம் என்று சொல்லி அம்மாதான் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுத்தா. அந்தக் காலத்தில் எல்லா அம்மாமாரும் செய்தது அது. அந்தத் தண்ணீர் ஒருவருடைய கணக்கிலும் வரவில்லை.

அம்மா ஒருநாள் காலையில் பால் செம்பை இலையும் எடுக்காமல் அப்படியே அப்போதிக்கரி ஐயாவிடம் கொண்டுபோனா. தம்பி அவாவின் இடுப்பில் இருந்தான். நானும் போனேன். தண்ணீர் விடுகிறவர்கள் பால் மெலிந்து தெரியாமல் இருக்கக் கஞ்சியும் கலப்பது உண்டு என்றார் ஐயா. கொஞ்சப் பாலைக் காய்ச்சி, ஆறும் வரைக்கும் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் நான் மனதுக்குள் அயடீனை வேண்டிக்கொண்டேன். சாமியை வேண்டுகிறமாதிரி அல்ல, சாமியையே வேண்டினேன். எனக்கு அது அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. ஒரு சொட்டு விட்டார்.

பால் நீலமானது. கருநீலம் இல்லை, மழைக்கு முன் மேகம் இருக்கும் மாதிரி ஒரு மங்கல் நீலம். ஆனாலும் நீலம்.

ஐயா குழலைக் கீழே வைத்தார். "கஞ்சி இருக்கு" என்று மட்டும் சொன்னார். அம்மா தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்திருக்கிறாள்" என்று விறாந்தையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னா.

அடுத்த நாள் பால் அக்கா வந்தபோது படலைகள் திறக்கவில்லை. ஒரு வீட்டிலும் பால் வாங்கவில்லை. அவா வாய்க்கால் கட்டில் நின்று, "ஏன் தங்கச்சி? என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டு நின்றா. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால், "அயடீன் விட்டுப் பாத்தாச்சு! இனி உங்கட கள்ளம் பலிக்காது" என்று கத்தினா. பால் அக்காவுக்கு அந்தச் சொல் என்னவென்றே தெரியாது. "அது ஆர்? அவர் என்னைப் பற்றி என்ன சொன்னவர்?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அந்தச் சொல் கொலனியில் வேறொரு பொருளில் புழங்கத் தொடங்கியது. கடையில் எடை குறைந்தால், "அயடீன் விட்டுப் பாக்கட்டோ?" பிள்ளைகள் சண்டையில், "நீ சொல்லுறது மெய்யெண்டால் அயடீன் விடு பாப்பம்." சீட்டாட்டத்தில் கூட. மிரட்டலாக இருந்த சொல் தீர்ப்பாக ஆகிவிட்டது. கத்தரிப்பூ என்ற பொருள் எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது போல.

பாலை வாங்க ஆளில்லாமல் பால் அக்கா மாடுகளை விற்றுவிட்டு வேறெங்காவது போகப்போகிறா என்று கதை அடிபட்டது. நாங்கள் பரந்தன் கடையில் பால்மா ரின் வாங்கினோம். தம்பி அதைக் குடித்துக் குடித்துக் கக்கினான்.

எங்கள் குசினியில் அவாவின் கடைசிச் செம்பு கிடந்தது. "உதை நாளைக்குக் காலமை கொண்டுபோய்க் குடுத்திட்டு வா. அவளின்ர சாமான் எங்களுக்கு வேண்டாம்" என்றா அம்மா. சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினா. பிறகு, நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும், ஒரு பிடி பச்சையரிசியை அதற்குள் போட்டா.

"ஏனம்மா? அவ கள்ளியெண்டு சொன்னீங்கள்?"

"கள்ளியெண்டாலும் வெறுஞ்செம்பு குடுக்கேலாது. மாடு என்ன பாவம் செய்தது?"

காலையில் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பழைய ஊருக்குப் போகத் தேவை வரவில்லை. மருந்துச்சாலை முற்றத்தில் கூட்டம். நடுவில் பால் அக்கா, சிவலைப் பசுவைக் கயிற்றில் பிடித்தபடி நிற்கிறா. கன்று பக்கத்தில் துள்ளுகிறது. அவா தலை வாரவில்லை. ஆனால் பசுவின் நெற்றியில் பொட்டு வைத்திருந்தா.

"ஐயா, நான் படிக்காதவள். உங்கட மருந்து எனக்குத் தெரியாது. என்ர மாட்டை எனக்குத் தெரியும். இஞ்சை, உங்கட கண்ணுக்கு முன்னால கறக்கிறன். அந்த மருந்தை விடுங்கோ. நான் கள்ளியெண்டு அது சொன்னால், நான் மாட்டையும் குடுத்திட்டு இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன். இல்லையெண்டு சொன்னால், நீங்கள் எல்லாரும் அதை உங்கட வாயால சொல்லோணும்."

ஐயா தலையசைத்தார். அம்மாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டா. பால் அக்கா தன் செம்பை எடுத்தா. உடனே பக்கத்து வீட்டு மாமி குறுக்கே வந்தா. "அது வேண்டாம்! அதுக்குள்ள என்ன பூசிக்கொண்டு வந்தாவோ, ஆர் கண்டது? இந்தா, இந்தப் பிள்ளையின்ர கையில ஒரு செம்பு இருக்கு. இது எங்கட கொலனி வீட்டில கிடந்தது. இதுக்குள்ள கறக்கட்டும்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். நான் செம்பை நீட்டினேன். பால் அக்கா இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே பார்த்தா. அரிசியைக் கண்டதும் அவாவின் முகம் ஒரு கணம் இளகியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தா. அம்மா பார்வையை விலக்கிக்கொண்டா. அரிசியை மடியில் கொட்டிக்கொண்டு, சீலைத் தலைப்பால் செம்பின் உட்புறத்தை ஒருதரம் துடைத்தா. கழுவவில்லை. அரிசி வந்த ஏனத்தை உடனே கழுவினால், வந்த சீதேவியைக் கழுவி ஊற்றுவது போல என்பது அவர்களுடைய ஊர் வழக்கம். அவா ஒருநாளும் கழுவியதில்லை. கொலனி முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒருவரும் ஒன்றையும் காணவில்லை.

கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டிவிட்டு, குந்தியிருந்து கறந்தா. செம்பில் பால் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நுரை விளிம்புக்கு வந்ததும் ஐயாவிடம் நீட்டினா. ஐயா கொஞ்சத்தைக் காய்ச்சினார். ஆறவிட்டார். சொட்டு விட்டார்.

நீலம்.

மடியிலிருந்து நேரே வந்த பால். எல்லாரும் பார்க்கக் கறந்த பால். முன்னால் நின்ற சிலர் தங்களை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இது மருந்தா, தெய்வக்குற்றமா, மாடே நீலப்பால் சுரக்கிறதா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது.

பால் அக்கா அந்தக் கோப்பையைப் பார்த்தா. பிறகு சிவலையைப் பார்த்தா. "நீயுமா என்னைக் கைவிட்டனி?" என்று அந்த வாயில்லாச் சீவனிடம் கேட்டா. கேட்டுவிட்டு அப்படியே மண்ணில் இருந்துவிட்டா. மடி அவிழ்ந்து அரிசி அம்மாவின் காலடியில் சிந்தியது.

அம்மா குனிந்து அந்த அரிசியைப் பார்த்தா. நீண்ட நேரம் பார்த்தா. தம்பியை என் கையில் தந்துவிட்டு ஐயாவுக்குக் கிட்டப் போனா.

"ஐயா, கஞ்சி எண்டுறது அரிசியிலயும் இருக்கோ?"

"இதென்ன கேள்வி? அரிசியிலதானே கஞ்சி வாறது."

"சமைக்காத அரிசியிலயும்?"

அம்மாவின் கண் போன இடத்தை ஐயாவும் பார்த்தார், மண்ணில் சிந்திக் கிடந்த மணிகளை. பிறகு செம்பை எடுத்துச் சரித்து உட்புறத்தை விரலால் வழித்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"அப்ப அது என்ர அரிசி ஐயா" என்றா அம்மா. முன்னர் விறாந்தையில் பழி சொன்னபோது எவ்வளவு உரக்கச் சொன்னாவோ அவ்வளவு உரக்கச் சொன்னா. "நான்தான் போட்டனான். ஒவ்வொரு நாளும் நான்தான் போட்டனான். அவா கலக்கேல்லை."

ஐயா தன்னுடைய மருந்துக் கண்ணாடிக் குவளையைக் கொதிநீரால் கழுவி, தானே கொண்டுபோய்ப் பால் அக்காவிடம் கொடுத்தார். அவா சிவலையின் மடியில் மிச்சமிருந்த பாலை ஐயா கேட்டுக் கேட்டுத்தான் கறந்தா. அந்தப் பாலில் விட்ட சொட்டு மங்கல் மஞ்சளாகக் கரைந்தது. எவ்வளவு நேரம் பார்த்தும் நீலம் வரவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் செம்பை நினைத்துக்கொண்டார்கள் போல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி எப்போது போனா என்று தெரியாது. வாயால் சொல்ல வேண்டும் என்று பால் அக்கா கேட்டதை அம்மா மட்டும் சொன்னா. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கலைந்தார்கள்.

ஐயா பால் அக்காவை உள்ளே கூப்பிட்டார். அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். அவருக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை, அந்தக் காலத்து ஆம்பிளைகளுக்கு வராது. அதற்குப் பதிலாகத் தனக்குத் தெரிந்த ஆக வடிவான ஒன்றை அவாவுக்குக் காட்டினார். குழாயை எடுத்து, கறுப்புத் துகளைப் போட்டு, விளக்கைக் கொளுத்தினார். கத்தரிப்பூ நிறம் எழும்பியது. பால் அக்காவின் கண் விரிந்தது. அழுது சிவந்திருந்த முகத்தில் அந்த ஊதா மெல்ல ஆடியது. "இதுதான் அயடீன். இந்த நிறம்தான் அந்தப் பேரின்ர அர்த்தம்" என்றார் ஐயா.

புகை முழுவதும் படிந்து முடியும் வரைக்கும் அவா பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு கேட்டா.

"இவ்வளவு வடிவான சாமான் ஐயா. இது ஏன் என்னைக் கள்ளி எண்டது?"

ஐயா விளக்கை அணைத்தார். "அது அப்படிச் சொல்லேல்லை அம்மா. கஞ்சி இருக்கெண்டு மட்டும்தான் சொன்னது. மிச்சத்தை நாங்கள் சொன்னனாங்கள்."

பால் அக்கா மாடுகளை விற்கவில்லை. சில நாள் கழித்து "பிள்ளை, பால்!" என்ற குரல் படலையில் கேட்டது. அம்மா ஓடிப்போய்த் திறந்தா. தம்பி பிறகு நன்றாகத் தேறினான். ஐயா சொல்லி அம்மா தண்ணீர் விடுவதையும் குறைத்திருந்தா. பிள்ளைகளின் வாயில் "அயடீன் விட்டுப் பாப்பமோ" என்ற பேச்சு தானாக நின்றுபோனது. யாராவது மறந்து சொன்னால் பெரியவர்கள், "முதல் உன்ர செம்பைப் பார்" என்பார்கள்.

ஒன்றைத் தவிர எல்லாம் பழையபடி ஆனது. அம்மா அரிசி போட்ட செம்பை நீட்டுவா. பால் அக்கா அதை வாங்கி, அரிசியை மடியில் கொட்டிக்கொண்டு, நேரே எங்கள் கிணற்றடிக்குப் போவா. வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி, செம்பை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, வெயிலில் தூக்கிப் பிடித்து அம்மாவுக்குக் காட்டுவா. ஒருநாள் அம்மா பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டா.

"அக்கா, உதை வீட்டில கொண்டுபோய்க் கழுவலாமே. சீதேவி எண்டு சொல்லுவியள்."

"இல்லைத் தங்கச்சி" என்றா பால் அக்கா. கோபமே இல்லை அந்தக் குரலில். "நீங்கள் பாக்கக் கழுவிறதுதான் நல்லது."

நாங்கள் அந்தக் கொலனியில் இருந்த காலம் முழுவதும் அவா அப்படித்தான் செய்தா. சரியான வேலைதான், சுத்தமான வேலைதான். ஆனால் அந்தக் கதைக்குப் பிறகு கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டதும் அம்மா குசினிக்குள் போய்விடுவா. அந்தச் சத்தம் நிற்கும் வரைக்கும் வெளியே வரமாட்டா.